1729 தெரியும்... அந்த டாக்ஸி எங்கே போனது என்று தெரியுமா?

அரியர் லிஸ்ட்டில் உங்கள் ரெஜிஸ்டர் நம்பரைப் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஹாஸ்டல் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டிலிருந்து வந்த போனை எடுக்காமல், ஸ்கிரீன் தானாக அணையும் வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த நாள்? கணக்கு என்றதும் நாம் எல்லோரும் முதலில் சொல்லும் பெயருக்குச் சொந்தக்காரரான ஸ்ரீனிவாச ராமானுஜனுக்கும் அப்படி நாள்கள் இருந்தன. நிறையவே இருந்தன.

அவரைப் பற்றி ஸ்கூலிலேயே நமக்குச் சொல்லிவிட்டார்கள். நாமகிரித் தாயார், கேம்பிரிட்ஜ், 1729 என்ற டாக்ஸி நம்பர். டிசம்பர் 22 வந்தால் தேசிய கணித தினம். காலேஜில் ஒரு ஃபங்ஷன், ஒரு க்விஸ், ஒரு குரூப் போட்டோ. ஆனால், இந்தக் கதையைச் சொல்பவர்கள் நடுவில் சில பக்கங்களை அவசரமாகப் புரட்டிவிடுகிறார்கள். அந்தப் பக்கங்களில் இருப்பது ஃபெயிலான, வீட்டை விட்டு ஓடிப்போன, தனிமையில் உடைந்துபோன ஒரு பையன். உங்களுக்கு அந்தப் பையனைத்தான் அறிமுகப்படுத்த நினைக்கிறேன்.

1887-ல் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். மாதம் 20 ரூபாய் சம்பளம். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியும், வெளியூர்ப் பையன்களுக்கு வீட்டில் சாப்பாடு போட்டும் குடும்பத்தை ஓட்டினார். கடைநிலை நடுத்தரக் குடும்பம். பையன் நன்றாகப் படிக்கிறான், இவன் தலையெடுத்தால் நாம் தலையெடுப்போம் என்ற கணக்கு அந்த வீட்டிலும் இருந்தது.

பையனும் படித்தான். டவுன் ஹைஸ்கூலில் அவன்தான் ஸ்டார். ஆனால், அந்த வயதிலேயே ஒரு குணம் தெரிந்தது. ஒருமுறை கணக்கில் 45-க்கு 42 வாங்கினார். நண்பன் 43. அந்த ஒரு மார்க்குக்காக அழுது, நண்பனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். இன்னொருமுறை, தானே கண்டுபிடித்ததாக நினைத்த ஒரு விஷயத்தை ஆய்லர் என்ற மேதை 150 வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று தெரியவந்தது. நீங்களோ நானோ என்றால், ஆய்லர் லெவலுக்கு யோசித்திருக்கிறோம் என்று ஸ்டேட்டஸ் போட்டிருப்போம். அவர் வெட்கப்பட்டு, எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்தார். அவமானம் என்பது அவருக்கு உடம்பில் படும் அடி மாதிரி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பதினைந்து, பதினாறு வயதில் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் கைக்கு வந்தது. சுமார் 5,000 சூத்திரங்கள், விளக்கம் ரொம்பக் குறைவு. ஒவ்வொன்றாகத் தானே நிறுவிப் பார்க்க உட்கார்ந்தார். அவ்வளவுதான், மற்ற எல்லாப் பாடமும் கண்ணிலிருந்து மறைந்துபோனது.

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்புடன் சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் ஃபெயில். ஸ்காலர்ஷிப் போச்சு. ஒரு டெர்முக்கு ஃபீஸ் 32 ரூபாய். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் அதிகம். அம்மா நேரில் போய் பிரின்சிபாலிடம் கேட்டுப் பார்த்தார். விதி விதிதான் என்று பதில் வந்தது.

கொஞ்ச நாள் சமாளித்துப் பார்த்தார். 1905 ஆகஸ்ட்டில், 17 வயதுப் பையன், யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் விசாகப்பட்டினத்துக்கு. வீட்டில் தேடி அலைந்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் இந்து நாளிதழில், காணாமல் போன பையன் என்று செய்தி வந்தது. பிறகு திரும்பி வந்தார். அங்கே என்ன செய்தார், யாரோடு இருந்தார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதி வைத்தவர்கள் யாரும் இல்லை. சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் ஒரு மாதிரி என்று சொல்லித் தாண்டிப் போய்விட்டார்கள்.

நான் டிப்ளமோ படித்தபோது எங்கள் ஹாஸ்டலில் ஒருவன் மூன்று நாள் காணாமல் போனான். திரும்பி வந்தபோது வார்டன் கேட்ட ஒரே கேள்வி, அவுட்பாஸ் எங்கே என்பது. நாங்களும் அவனை ஓட்டினோமே தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ராமானுஜனின் விசாகப்பட்டினக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் வருகிறது.

அடுத்த வருடம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. இங்கேயாவது எஃப்.ஏ. தேறிவிடலாம் என்று வந்தவருக்கு நடுவில் வயிற்றுக்கடுப்பு. ஊருக்குப் போய் மூன்று மாதம் படுத்துவிட்டார். தேர்வில் கணக்கு மட்டும் பிரமாதம். உடலியல் பாடம் அவருக்கு எமன். ஃபெயில். 1907-ல் மறுபடி எழுதினார், மறுபடி ஃபெயில். டிகிரி கதை அதோடு முடிந்தது.

அடுத்த சில வருடங்கள் திண்ணைதான். மடியில் சிலேட்டு, கையில் பலப்பம், எழுதியதை அழிக்க முழங்கை. டியூஷன் எடுக்கப் பார்த்தார், பிடிபடவில்லை. பாடத்தை விட்டு எங்கேயோ போய்விடுவார். படித்த படிப்புக்கு வேலை இல்லை என்பது ஒரு வேதனை என்றால், பரீட்சையே பாஸ் ஆகாதவனுக்கு எந்த வேலையும் இல்லை என்பது அதைவிடப் பெரிய வேதனை. பையன் இப்படி உட்கார்ந்திருந்தால் நம் ஊர்ப் பெற்றோர் என்ன முடிவெடுப்பார்கள்? சரியாகச் சொன்னீர்கள். 1909 ஜூலையில் கல்யாணம் செய்துவைத்தார்கள். மணப்பெண் ஜானகிக்கு வயது பத்து.

இந்த இடத்தில் அவருக்குக் கிடைத்த மனிதர்களைச் சொல்லியாக வேண்டும். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயரை, நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூரில் போய்ப் பார்த்தார். அவர் வழியாக அறிமுகங்கள் வளர்ந்து, நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போய் முடிந்தது. அவர் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் வேலை. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், ராத்திரி திருவல்லிக்கேணி வீட்டு மாடியில் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து அவரோடு கணக்குப் போடுவார். மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தவர்கள் இவர்கள். ராமானுஜன் நிம்மதியாக இருந்த காலம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், இந்தத் துறைமுக நாள்களைத்தான் சொல்வேன்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியதும், ஹார்டி அசந்துபோனதும் உங்களுக்குத் தெரிந்த கதை. 1914 மார்ச் 17, சென்னையிலிருந்து நெவாசா கப்பல். கிளம்புவதற்கு முன் குடுமியை வெட்டிவிட்டு கிராப் வைத்தார்கள். வேட்டி போய் பேன்ட், செருப்பு போய் ஷூ. ஜானகி ஊரிலேயே இருந்துவிட்டார்.

ஏப்ரலில் போய் இறங்கினார். ஆகஸ்ட்டில் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது.

டிரினிட்டி கல்லூரியை மனதில் கற்பனை செய்துகொள்ளுங்கள். நியூட்டன் படித்த இடம். கல் கட்டடங்கள், புல்வெளி, எல்லோரும் நீள மேசையில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் பெரிய ஹால். ஒரு கல்லூரியில் நட்பு உருவாவதே சாப்பாட்டு மேசையில்தான். உங்கள் மெஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ராமானுஜன் அந்த ஹாலில் சாப்பிடமாட்டார். வைணவக் குடும்ப ஆசாரம், சுத்த சைவம், மாமிசம் சமைத்த பாத்திரம் என்றால் கை வைக்கமாட்டார். அதனால் ரூமிலேயே தானே சமைத்தார். ஊரிலிருந்து பார்சலில் வரும் புளியும் பொடிகளும்தான் துணை. போர் முற்ற முற்ற காய்கறிக்கே தட்டுப்பாடு வந்தது. கணக்கில் மூழ்கினால் ஒரு நாள் முழுக்கத் தூங்காமல் எழுதுவார். பிறகு அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார். எப்போது சமைத்தார், எப்போது சாப்பிட்டார் என்பதற்குக் கணக்கே இல்லை. எக்ஸாம் சீசனில் நம் ஹாஸ்டல்களில் நடப்பதுதான், ஆனால் இவருக்கு அது வருடக்கணக்கில் நடந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சம்பவம். எனக்கு மிகவும் பிடித்தது. பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தை என்று பெயரெடுத்த மகாலனோபிஸ் அப்போது பக்கத்துக் கல்லூரியில் மாணவர். ஒருநாள் ராமானுஜன் அறைக்கு வந்தவர், ராத்திரி குளிர் தாங்க முடிகிறதா என்று சாதாரணமாக விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறேன், அப்படியும் குளிருகிறது என்றார் ராமானுஜன். கம்பளி பத்தவில்லையோ என்று படுக்கையறையில் போய்ப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் கட்டிலில் இழுத்துச் செருகப்பட்டு மேலே விரிப்போடு பத்திரமாக இருக்கின்றன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதே ராமானுஜனுக்குத் தெரியாது. அத்தனை இரவுகளும் விரிப்புக்கு மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார்.

யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்று தோன்றுகிறதா? இதைக்கூடவா கேட்பது என்று நினைத்து நாம் கேட்காமல் விட்ட எத்தனை விஷயங்கள் இருக்கின்றன! முதல் நாள் காலேஜில் லேப் எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு மாடி மாடியாக ஏறி இறங்கியவள் நான். அவரோ வேற்று தேசத்தில் இருந்தார். உலகமே தன்னை மேதை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, போர்வைக்குள் எப்படிப் போவது என்று எப்படிக் கேட்பது?

ஹார்டி நல்ல மனிதர். ராமானுஜனைக் கண்டெடுத்தது தன் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம் என்று கடைசி வரை நினைத்தவர். தினமும் பார்த்துக்கொண்டார்கள், தினமும் பேசினார்கள். ஆனால், பேச்சு முழுக்கக் கணக்கு. அடுத்தவர் சொந்த விஷயத்தில் நுழைவது அநாகரிகம் என்று வளர்ந்தவர் ஹார்டி. கேட்டிருந்தால் எவ்வளவோ தெரிந்திருக்கும், கேட்காமல் விட்டுவிட்டேன் என்று பின்னாளில் அவரே வருந்தி எழுதினார்.

ஊரிலிருந்து வரவேண்டிய கடிதங்களும் நின்றுபோயின. ஜானகி எழுதிய கடிதங்கள் மாமியார் கையைத் தாண்டிப் போகவில்லை. ராமானுஜன் எழுதியவையும் ஜானகி கைக்கு வரவில்லை. கோமளத்தம்மாளை வில்லியாக்க எனக்கு மனமில்லை. மகன் மேல் உயிரையே வைத்திருந்த அம்மா, மருமகளை எதிராளியாகப் பார்த்தார். நம் வீடுகளில் இல்லாத கதையா? ஆனால், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். மனைவியிடமிருந்து பதில் இல்லை. புளூ டிக் வந்தும் ரிப்ளை வராத ஒரு மணி நேரத்தையே நம்மால் தாங்க முடிவதில்லை. அவருக்கு அது மாதக்கணக்கில் நீண்டது.

இன்னொரு நாள் நடந்தது இது. நண்பர் ஒருவரையும் அவர் மணக்கப்போகும் பெண்ணையும் விருந்துக்குக் கூப்பிட்டு, தானே சமைத்துப் பரிமாறினார். ரசத்தை விரும்பி வாங்கிச் சாப்பிட்டார்கள். மறுபடி பரிமாற வந்தபோது, போதும் என்றார்கள். சிறிது நேரத்தில் ஆளைக் காணோம். காத்திருந்து பார்த்துவிட்டு விசாரித்தால், டாக்ஸி பிடித்துப் போய்விட்டார் என்றார்கள். நான்கு நாள் தகவலே இல்லை. பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வந்தது, ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி. சமைத்ததை அவர்கள் மறுத்ததும் மனம் ஒடிந்து, கையில் இருந்த காசோடு கிளம்பிவிட்டார். விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிய அதே பையன்தான். இந்தக் கதையை மேதைகளின் விசித்திரம் என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

1917-ல் உடம்பு விழுந்தது. காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். அது காசநோயே இல்லை, கல்லீரலில் பரவிய அமீபா தொற்றாக இருக்கலாம் என்று பின்னாளில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு சானிடோரியமாக மாற்றினார்கள். அதில் மெண்டிப் மலைப்பகுதியில் இருந்த ஒன்றை நடத்தியவர் டாக்டர் சௌரி முத்து, நம் ஊர்க்காரர். ராமானுஜனோடு அதே கப்பலில் பயணம் செய்தவர். சென்னை மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முன்னால் சானட்டோரியம் என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அந்தக் காசநோய் மருத்துவமனையை 1928-ல் தொடங்கியவரும் இவர்தான். அந்தக் கால வைத்தியப்படி நோயாளிக்குத் திறந்தவெளிக் காற்று வேண்டும். குளிரிலும் அறையில் கணப்பு கிடையாது. குளியலறை மட்டும் கதகதப்பாக இருக்கிறது, பேனாவும் பேப்பரும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கணக்குப் போடப்போகிறேன் என்று ஒரு கடிதத்தில் எழுதினார்.

அந்த வருடம் டிரினிட்டி ஃபெலோஷிப்புக்கு அவர் பெயரைக் கொண்டுபோனார்கள். கிடைக்கவில்லை. ஒரு மார்க்குக்கு அழுத பையனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1918-ன் தொடக்கத்தில் லண்டனில், ராமானுஜன் தன் உயிரை முடித்துக்கொள்ள முயன்றார். கவனித்துவிட்ட ஒரு ரயில்வே ஊழியர் சமயத்தில் காப்பாற்றினார். காயங்களோடு பிழைத்தார். ஆனால், அந்தக் காலத்து இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி என்பது குற்றம். ஆம்புலன்ஸுக்கு முன் போலீஸ் என்ற நிலை. ஸ்காட்லாந்து யார்டுக்குக் கொண்டுபோனார்கள். தகவல் தெரிந்து ஹார்டி ஓடிவந்தார். இவர் ராயல் சொசைட்டியின் ஃபெலோ, இவரை நீங்கள் கைது செய்ய முடியாது என்று போலீஸிடம் அடித்துப் பேசினார். அது பொய். அன்றைக்கு ராமானுஜன் ஃபெலோ இல்லை. போலீஸும் மேலே நடவடிக்கை எடுக்காமல் விட்டுவிட்டது. சொந்த விஷயம் கேட்பது அநாகரிகம் என்று நினைத்த மனிதர், நண்பனுக்காகக் கூச்சமில்லாமல் பொய் சொன்னார்.

இங்கிலாந்தில் அந்தச் சட்டத்தை எடுக்க 1961 ஆனது. நம் நாட்டில் 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், முயற்சி செய்தவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை கொடுக்க வேண்டும் என்றது. ராமானுஜன் மாதிரி ஒருவருக்கு இன்று கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறது: டெலி மானஸ், 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. உங்களுக்கோ, பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கோ அந்த மாதிரி எண்ணம் வந்தால் தயங்க வேண்டாம், இந்தக் கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டுக்கூடக் கூப்பிடுங்கள். மருத்துவக் கல்லூரிகளில் 2022 முதல் மனம் என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கப்பட்டிருக்கின்றன. உங்கள் காலேஜில் கவுன்சலர் யார், அவர் ரூம் எந்த மாடியில் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் இந்த வாரமே விசாரித்துவையுங்கள். தேவைப்படும் நாளில் தேடுகிற தெம்பு இருக்காது.

ஹார்டி சொன்ன பொய் சில மாதங்களிலேயே உண்மையானது. 1918 மே மாதம் ராயல் சொசைட்டி ஃபெலோ. அக்டோபரில் டிரினிட்டி ஃபெலோ. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். செய்தி வந்ததும் மனதில் தெம்பு வந்து, மீண்டும் அற்புதமான கணக்குகள் எழுதினார். பட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். நோய் அப்படியேதான் இருந்தது. ஆனால், தான் வேண்டாதவன் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

இனி அந்த டாக்ஸிக்கு வருவோம். லண்டனில் பட்னி என்ற இடத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ராமானுஜன் படுத்திருந்தார். ஹார்டி பார்க்கப் போனார். நோயாளியிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாத மனிதர். வந்த டாக்ஸியின் நம்பர் 1729, சுவாரஸ்யமே இல்லாத எண், கெட்ட சகுனமாக இல்லாமல் இருக்கட்டும் என்றார். படுக்கையிலிருந்தே ராமானுஜன் மறுத்தார். இரண்டு வெவ்வேறு வழிகளில் இரண்டு கன எண்களின் கூட்டலாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது: ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும், ஒன்பதின் கனமும் பத்தின் கனமும். நாம் எல்லோரும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டோம். அது ஒரு ஆஸ்பத்திரி விசிட் என்பதை மறந்துவிட்டோம்.

(அந்த ஹார்டியும் 1947-ல், உடல் தளர்ந்த முதுமையில், உயிரை விட முயன்று பிழைத்தார் என்பது பலருக்குத் தெரியாது. கைகொடுத்தவருக்கும் கை தேவைப்பட்டது.)

1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். அழைத்துப்போக வந்த அம்மாவிடம் அவர் முதலில் விசாரித்தது, ஜானகி எங்கே என்று. கடைசி ஒரு வருடம் ஜானகிதான் கூடவே இருந்து ஒத்தடம் கொடுத்து, கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டார். அப்போது வயது இருபதுதான். நீயும் கூட வந்திருந்தால் எனக்கு இப்படி ஆகியிருக்காது என்று கணவர் சொன்னதைப் பின்னாளில் ஜானகி சொல்லியிருக்கிறார். வலியிலும் எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26, சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. அந்தக் கடைசித் தாள்கள் டிரினிட்டி நூலகத்தில் கிடந்து, 1976-ல் கண்டெடுக்கப்பட்டன. மாதம் 20 ரூபாய் பென்ஷனும் தையல் மெஷினுமாகத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ஜானகி, 1994-ல் மறைந்தார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஊர் திரும்புவதற்கு முன், சென்னைப் பல்கலைக்கழகம் வருடம் 250 பவுண்டு உதவித்தொகை தருவதாக அறிவித்தது. இது எனக்குத் தேவைக்கு அதிகம் என்று பதில் எழுதினார் ராமானுஜன். இங்கிலாந்துச் செலவு போக வருடம் 50 பவுண்டு பெற்றோருக்கு. மிச்சத்தை ஏழை மாணவர்கள், அநாதைப் பிள்ளைகளின் ஃபீஸுக்கும் புத்தகங்களுக்கும் செலவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கடிதத்தின் தேதி 1919 ஜனவரி 11. முகவரி, கோலினெட் ரோடு, பட்னி. அந்த டாக்ஸி போன பட்னிதான்.